கோழி வழக்கின் நான்கு வாய்தாக்கள்

எங்கள் வக்கீல் ஐயா காலமான மறு வருஷம் அவருடைய பழைய மாணவர்கள் ஒரு மலர் அச்சிட்டு, எனக்கும் ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பியிருந்தார்கள். சமஸ்தானத்தில் புதிதாகத் தொடங்கிய சட்டக் கல்லூரிக்கு அவர்தான் முதல் தலைவர், பதினான்கு ஆண்டு அந்த நாற்காலியில் இருந்தார் என்று அதில் இருந்தது. பிறந்த ஊர் ராஜபாளையம் என்பது சரி. ஸ்ரீவில்லிபுத்தூர் முன்சீப் கோர்ட்டில் இருபது ஆண்டு வக்கீல் என்பது இருபத்தொன்று என்று இருக்க வேண்டும். இதையெல்லாம் ஓரத்தில் பென்சிலால் திருத்திவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். "மணிக்கணக்கில் தடையின்றிப் பேசும் பிறவிப் பேச்சாளர்" என்று ஒருவர் எழுதியிருந்தார். இது பென்சிலால் திருத்தக்கூடிய பிழை அல்ல.

அவரிடம் பதினோரு ஆண்டு குமாஸ்தாவாக இருந்தவன் நான். தடையின்றி அவரால் இரண்டு நிமிஷம்கூடப் பேச முடியாது. தடை வந்தால்தான் பேசுவார்.

கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து "ஆட்சேபிக்கிறேன்" என்று சொன்னால் போதும், எங்கள் ஐயாவுக்குக் காது சிவக்கும், அங்கவஸ்திரம் தோளில் ஏறும், அதற்குப் பிறகு முன்சீப்பே கையெடுத்துக் கும்பிட்டால்தான் உட்காருவார். எதிரே யாரும் வாய் திறக்காவிட்டால் அவருக்குச் சொல் எழும்பாது. எதிர்க்கட்சி ஆஜராகாத வழக்கு என்றால் மற்ற வக்கீல்களுக்குக் கொண்டாட்டம். எங்களுக்கு அன்று துக்க நாள். எதிராளியே வராத வழக்கில் தோற்ற வக்கீல் அந்தக் கோர்ட்டில் அவர் ஒருவர்தான். அதுவும் இரண்டு தடவை. இரண்டாம் தடவை முன்சீப், "ஏதாவது சொல்லுங்கள் ஐயா, எதை வைத்து நான் தீர்ப்பு எழுதுவது?" என்று கெஞ்சினார். ஐயா இடது பக்கத்துக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த மனிதருக்குத்தான் சமஸ்தானத்திலிருந்து கடிதம் வந்தது. சட்ட நூல்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளைப் படித்திருக்கிறார்களாம். கல்லூரித் தலைமையை ஏற்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. கல்லூரிக் கமிட்டியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் கோடை விடுமுறையில் வருவார், அவர் முன்னால் ஒரு மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும்.

கடிதத்தை என் மேஜை மேல் வைத்துவிட்டு ஐயா ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"இருபத்தொரு வருஷமா வரப்புக்கும் வாய்க்காலுக்கும் வாதாடியாச்சு ஓய். சட்டம்னு ஒண்ணு இருக்கு, அது எம்புட்டு அழகானதுன்னு நாலு பேருக்குச் சொல்லிட்டுப் போகணும்னு இருக்கு. ஆனா ஒரு மணி நேரம்! எதிர்க்க ஆளில்லாம!"

"பழகினால் வரும் ஐயா" என்றேன்.

"உங்க சர்ச்சில பாதிரியார் ஞாயித்துக்கிழமைதோறும் முக்கால் மணி நேரம் பேசுதாரே. ஒருத்தனாவது எந்திரிச்சு 'அது எப்படி?'ன்னு கேக்கானா?"

"கேட்பதில்லை ஐயா."

"பொறவு எப்படிவே அந்த மனுஷனுக்குப் பேச்சு வருது?"

விஷயம் வெளியே தெரியக் கூடாது என்று முடிவாயிற்று. பாடம் நடத்தப் போய் வாயடைத்து நின்றார் என்று கோர்ட்டில் பரவினால், அதற்குப் பிறகு கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு அந்தப் படி ஏற முடியாது. ஆகவே ஒத்திகையைத் தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த அவர் வீட்டு மாடியிலேயே வைத்துக்கொண்டோம். கோடை விடுமுறையில் வேலையில்லாமல் இருந்த நான்கு குமாஸ்தாக்கள், ஒரு ஸ்டாம்பு வெண்டர், ஒரு பால்கோவா கடைக்காரர் ஆகியோரைப் பிடித்து ஜமுக்காளத்தில் உட்கார வைத்தேன். "ஐயா ஒரு புஸ்தகம் எழுதுகிறார், வாசித்துப் பார்க்கிறார்" என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன்.

முதல் நாள் ஒன்றரை நிமிஷம் ஓடியது. பிறகு ஐயா நின்றுவிட்டார். "ஏதாவது கேளுங்களேன்" என்றார். பால்கோவா கடைக்காரர் எழுந்து, "தேனா இருக்குங்கய்யா" என்று சொல்லி உட்கார்ந்தார். அதோடு அன்றைய பாடம் முடிந்தது.

மறுநாள் ஸ்டாம்பு வெண்டரிடம், நடுவில் ஆட்சேபிக்கும்படி தனியாகச் சொல்லி வைத்தேன். ஐயா தொண்டையைச் செருமியதுமே அவர் "ஆட்சேபிக்கிறேன்" என்று கத்திவிட்டார். செருமலை ஆட்சேபித்து என்ன பயன்? மூன்றாம் நாள் சரியான இடத்தில் சொன்னார். அதுவும் பலிக்கவில்லை. ஆட்சேபம் மனதிலிருந்து வருகிறதா, சொல்லிக் கொடுத்து வருகிறதா என்று ஐயாவின் காதுக்குத் தெரிந்துவிடும். "உட்காரும்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

நான்காம் ஒத்திகை செவ்வாய்க்கிழமை. மணி பத்தே கால். ஆங்கிலச் சட்டப் புத்தகத்தில் சொத்துரிமைக்குக் கொடுத்திருந்த உதாரணங்கள் பனிநாட்டு மிருகங்களைப் பற்றியவை. அவை வேண்டாம் என்று ஐயா தாமே ஒன்றை ஜோடித்திருந்தார். பக்கத்து வீட்டுக் கொல்லையைப் பார்த்துக்கொண்டே ஜோடித்தது.

"வாதி வீட்டுக் கோழி, பிரதிவாதி வீட்டு வைக்கோல் படப்பில் போய் முட்டையிடுகிறது. பிரதிவாதியின் மனைவி அதை அங்கேயே அடைவைத்து, தீனி போட்டு, பதினோரு குஞ்சு பொரிக்க வைக்கிறாள். குஞ்சுகள் யாருக்குச் சொந்தம்?"

கேட்டுவிட்டு நிறுத்தினார். அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. அப்போது மாடிப்படிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"பதினொண்ணு இல்லங்கய்யா. ஒன்பது. ரெண்டு கூமுட்டை."

சோழபுரத்துச் சம்சாரி ஒருவர், விவசாயம் பண்ணுகிறவர். எங்கள் கட்சிக்காரர்தான். வண்டிப்பாதை வழக்கு ஒன்று எங்களிடம் நிலுவையில் இருந்தது. அதைப் பற்றி விசாரிக்க வந்தவர், கீழே யாரையும் காணாமல் மேலே ஏறி வந்திருக்கிறார்.

"என்னது?" என்றார் ஐயா.

"பதினொண்ணுன்னு சொன்னது பொய்யிங்கேன். அது கெடக்கட்டும். அடைவச்சது எங்க வீட்டுல. கம்பும் சோளமும் போட்டது எங்க வீட்டுல. பருந்து வந்தப்பம் கம்பெடுத்துக்கிட்டு ஓடுனது யாரு? கோழிக்காரியா ஓடுனா?"

ஐயாவின் காது சிவந்தது. அங்கவஸ்திரம் தோளுக்கு ஏறியது.

"ஓடினால் சொந்தமாகிவிடுமா? ஊர்க்காவல்காரன் ஓடுகிறான், ஊர் அவனுடையதா?"

"காவல்காரனுக்குச் சம்பளம் உண்டுல்லா! எங்களுக்கு என்ன உண்டு?"

நாற்பது நிமிஷம். உடைமை என்றால் என்ன, அனுபவம் என்றால் என்ன, ஈனும் பிராணியின் குட்டி யாரைச் சேரும், செலவழித்தவனுக்கு என்ன பரிகாரம், அத்தனையும் வந்தது. ஸ்டாம்பு வெண்டர்கூட வாய் பிளந்து கேட்டார். அவ்வளவு தெளிவாகச் சட்டத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கீழே இறங்கியதும் சம்சாரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்யா, எங்க மதினி எப்பம் வந்தா இங்க?"

எந்த மதினி என்று விசாரித்தேன். பிறகு மெல்ல விளங்கிற்று. அவருடைய அண்ணன் மனைவியின் கோழி இவர் வீட்டுப் படப்பில் முட்டையிட்டு, இவர் மனைவி அடைவைத்துக் குஞ்சு பொரித்து, இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று மூன்று வாரமாகிறது. மதினி முந்திக்கொண்டு வந்து எங்கள் ஐயாவிடமே வழக்குக் கொடுத்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"என் பாதை வழக்கையும் கையில வச்சுக்கிட்டு, அவளுக்காக என்கூடவே மல்லுக்கு நிக்காவளே. இது அடுக்குமாய்யா?"

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு அரை நிமிஷம் போதும். நான் சொன்னது வேறு.

"கோழி வழக்கு வெள்ளிக்கிழமைக்கு வாய்தா போட்டிருக்கிறது. சரியாகப் பத்து மணிக்கு வந்துவிடும்."

"சம்மன் வராதா?"

"நேரில் சொல்லியாகிவிட்டதே. இனி சம்மன் எதற்கு?"

"அதுவும் சரிதான்" என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். நான் நாட்குறிப்பை எடுத்து எழுதினேன்: "சோழபுரத்தாரிடம் பொய் சொன்னேன். மணி 11.20."

வெள்ளிக்கிழமை அவர் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே முட்டை ஓடும் ஒரு பிடி வைக்கோலும். "எங்க படப்பு வைக்கோலு. மோந்து பாருங்க" என்று ஐயாவிடம் நீட்டினார். சாட்சியப் பொருள் எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்று ஐயா ஐம்பத்தைந்து நிமிஷம் பேசினார். அன்று நான் கொடுத்த வாய்தா செவ்வாய்க்கு. செவ்வாயன்று, பருந்தைக் கண்ணால் பார்த்த ஒருவரைச் சாட்சியாகக் கூட்டி வந்தார். ஒரு மணி பத்து நிமிஷம். மூன்றாவது வாய்தா அடுத்த வெள்ளிக்கு.

"வாதி மட்டும் ஏன்யா ஒரு நாளும் கோர்ட்டுக்கு வரல?" என்று சம்சாரி என்னிடம் கேட்டார்.

"வாதிக்கு வக்கீல் வந்தால் போதும்."

"பிரதிவாதிக்கு?"

"நீர்தான் வெளுத்து வாங்குகிறீரே. உமக்கு எதற்கு வக்கீல்?"

இதில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வண்டிப்பாதை வழக்கை அவர் மறந்தே போனார்.

ஐயாவுக்கோ எதுவும் தெரியாது. பாடத்துக்காக ஜோடித்த கதைக்குள் இறங்கி நின்று வாதாடும் அபூர்வ மூளை என்று சம்சாரியை நினைத்துக்கொண்டிருந்தார். "மாணவன்னா இப்படி இருக்கணும் ஓய். கோழி தன் கோழிங்கிற மாதிரியே பேசுதான் பாரும்" என்றார். நான் மைக்கூட்டுக்கு மூடி தேடினேன்.

நீதிபதி வரும் நாள் புதன்கிழமை என்று தந்தி வந்தது. ராஜபாளையத்தில் ரயிலிறங்கி முசாபரி பங்களாவில் தங்குவார், சாயங்கால ரயிலில் திரும்பிவிடுவார். ஆகவே ராஜபாளையத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தின் கூடத்தைக் கேட்டு வாங்கினோம். வெள்ளிக்கிழமை சம்சாரிக்கு நான்காவது வாய்தா கொடுத்தேன். "புதன்கிழமை கோர்ட்டு ராஜபாளையத்தில். பெரிய நீதிபதி வருகிறார். தவறாமல் வந்துவிடும்."

புதன், மணி மூன்று. கூடத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள். நீதிபதி ஒல்லியான மனிதர், முகத்தில் எந்த அபிப்பிராயமும் இல்லை. முன் வரிசையில் சோழபுரத்துச் சம்சாரி வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவியும் வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவளை நான் கூப்பிடவில்லை.

ஐயா தொடங்கினார். கோழி படப்புக்குப் போயிற்று, முட்டையிட்டது, அடைகாத்தது. "குஞ்சுகள் வாதிக்கே சொந்தம் என்கிறது சட்டம்" என்று சொல்லிவிட்டுச் சம்சாரியைப் பார்த்தார். சம்சாரி தலையை ஆட்டினார்.

"வாதிக்கே சொந்தம்" என்றார் ஐயா மறுபடியும், கொஞ்சம் அழுத்தி.

"சரிங்கய்யா."

நான் குனிந்து அவர் காதில், "ஏன் சும்மா இருக்கிறீர்?" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை ராசியாயிட்டோம்யா. பெரிய நீதிபதி வாராவன்னீய. வினை எதுக்குன்னு அண்ணன் வீட்டுக்குப் போயிப் பேசி முடிச்சாச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

என் வாய்தாவே என் கழுத்தை அறுத்தது. ஐயா நின்றுகொண்டிருந்தார். வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. கண் இடது பக்கம் போயிற்று. அங்கே நாற்காலிகூட இல்லை. நீதிபதி பேனாவை எடுத்து எதையோ எழுதினார். இரண்டே கால் நிமிஷம் ஆயிற்று. நான் எழுந்து எதையாவது மறுத்திருக்கலாம். பதினோரு வருஷத்தில் ஐயா சொன்ன ஒன்றையும் மறுத்துப் பழகாதவன். உட்கார்ந்தே இருந்தேன்.

"ஐயா, செத்த நேரம் பொறுங்க."

சுவரோரத்திலிருந்து சம்சாரியின் மனைவி எழுந்து நின்றாள். சம்சாரி திரும்பினார்.

"ஏட்டி, உக்காரு. ராசியான பொறவு என்ன பேச்சு?"

"நீங்க சும்மா கெடங்க. ராசியானது நானு. நீங்க வாய்தாவுக்குப் போயிட்டு வந்தது மட்டுந்தான்." பிறகு ஐயாவைப் பார்த்தாள். "ஒன்பது குஞ்சுல அஞ்சை நானே பஞ்சாரத்தோட தூக்கிட்டுப்போயி மூத்தவ வாசல்ல எறக்கி வச்சேன். போனாப் போகுதுன்னு மனசாரக் குடுத்தேன். தெருவே பாத்துச்சு. இப்பம் நீங்க ஒன்பதும் அவளுதுங்கீய. அப்பம் நான் என்னத்தக் குடுத்தேன்? அவ சாமானை அவ வீட்டுல கொண்டுபோயி எறக்குன சுமைகாரியா நானு?"

ஐயாவின் காதைப் பார்த்தேன். சிவந்துகொண்டிருந்தது.

"அம்மா, தன்னுடையதல்லாததை யாரும் தானமாகக் கொடுக்க முடியாது."

"ஏன் முடியாது? குடுத்துட்டேனே!"

கூடம் சிரித்தது. அங்கவஸ்திரம் தோளுக்கு ஏறியது.

"சரி. மீதி நாலு குஞ்சு?"

"அதை அவ எனக்கு விட்டுட்டா."

"அவள் விட்டாள் என்றால், அதற்கு முன்னால் அது அவளுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிறதே."

"நான் ஒண்ணும் ஒத்துக்கிடல. அவ விட்டதுன்னு நெனைக்கா. நான் வச்சுக்கிட்டேன்னு நெனைக்கேன். ரெண்டு பேருக்கும் சங்கடமில்ல. உங்க சட்டத்துக்குத்தான் சங்கடம்."

இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத வாதம். ஐயா அதை எடுத்துக்கொண்டு தானம், விடுதலை, ராஜி என்று ஒவ்வொன்றாகப் பிரித்து விளக்கினார். எங்கே ராஜி பிறக்கிறதோ அங்கே யார் சொந்தக்காரர் என்ற கேள்வியைச் சட்டம் ஏன் தூங்க விடுகிறது என்று சொன்னார். அவள் விடவில்லை. மடக்கிக்கொண்டே இருந்தாள். நாலே கால் மணிக்கு நீதிபதி கையை உயர்த்தும்வரை ஐயா நிறுத்தவில்லை.

"நன்றாக இருந்தது. இந்த அம்மாள் யார்?" என்றார் நீதிபதி.

"பிரதிவாதியோட பொண்டாட்டி" என்றாள் அவள்.

"எந்த வழக்கில்?"

"கோழி வழக்குலய்யா" என்றார் சம்சாரி. "நாலு வாய்தா ஆயிருச்சு."

"எந்தக் கோர்ட்டில் நடக்கிறது?"

"வக்கீலய்யா வீட்டு மாடியில."

ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஓய், என்ன இது?"

கட்சிக்காரனுக்கு இல்லாத வழக்கில் வாய்தா கொடுப்பது விளையாட்டுக் காரியம் அல்ல. வக்கீலுக்குத் தெரிந்து நடந்திருந்தால் வக்கீல் தொழில் செய்ய அவருக்குள்ள சன்னதே போகும். சட்டக் கல்லூரித் தலைமை பற்றிச் சொல்லவே வேண்டாம். எழுந்து, பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து, நான்கு பதிவையும் நாளும் மணியுமாகப் படித்தேன். ஐயா உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி நாட்குறிப்பை வாங்கித் தாமே படித்தார்.

"'பொய் சொன்னேன்' என்று நீரே எழுதியிருக்கிறீரே. ஏன் எழுதினீர்?"

"அன்றைக்கு நடந்தது அதுதான் ஐயா."

"உம்முடைய வக்கீலுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிந்திருந்தால் முதல் நாளே நிறுத்தியிருப்பார். அதனால்தான் சொல்லவில்லை."

சம்சாரி இதற்குள் மெல்ல எழுந்துவிட்டார். "அப்பம் வழக்கே இல்லியா? வழக்குன்னு பயந்துல்லா நான் அண்ணன் வீட்டுப் படியேறுனேன்!"

"ஏறுனதை இப்பம் எறங்கப் போறீகளாக்கும்?" என்றாள் அவர் மனைவி. "நாளைக்கு மூத்தவ வீட்டுல விருந்து. பேசாம வாங்க."

போகும்போது சம்சாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. நீதிபதி நாட்குறிப்பைத் திருப்பிக் கொடுத்தார். நேரே ரயிலுக்குப் போனார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் ஐயா என்னோடு பேசவில்லை. வழக்குக் கட்டுகளை மேஜை ஓரத்தில் வைப்பார், எடுத்துக்கொள்வேன். சம்சாரியின் வண்டிப்பாதை வழக்கை மட்டும் என் கையில் கொடுக்காமல் தாமே வைத்துக்கொண்டார். இருபத்தொரு வருஷம் காத்திருந்து வந்த ஒரே வாய்ப்பை என் குறும்பு கெடுத்துவிட்டது என்று இருவருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

பத்தாம் நாள் சமஸ்தானத்து முத்திரையோடு உறை வந்தது. ஐயா நின்றபடியே உரக்கப் படித்தார். நியமனம் உறுதி. குறுக்குக் கேள்விக்கு இடம் கொடுத்துப் பாடம் நடத்தும் முறையைக் கமிட்டி மிகவும் மெச்சுகிறது. வீடு உண்டு, வேலையாட்கள் உண்டு. கடைசிப் பத்திக்கு வந்ததும் குரல் தணிந்தது.

"'தங்களுடைய தற்போதைய குமாஸ்தாவை எக்காரணம் கொண்டும் உடன் அழைத்து வரக் கூடாது.'"

கடிதத்தை மடித்தார். ஒன்பது நாளுக்குப் பிறகு என்னோடு பேசினார்.

"பேனாவை எடும். வர இயலாமைக்கு வருந்துகிறேன்னு எழுதும்."

பேனாவை எடுத்தேன். தேதி எழுதினேன். பிறகு கீழே வைத்துவிட்டேன்.

"ஆட்சேபிக்கிறேன்" என்றேன்.

"என்ன?"

"இந்தப் பதிலை ஆட்சேபிக்கிறேன் ஐயா."

அவர் அப்படியே திரும்பினார். "எந்த ஆதாரத்துல?"

பிடித்துக்கொண்டது. பதினோரு வருஷம் ஊழியம் செய்தவனைக் கைவிடுவது என்ன நியாயம், எஜமானுக்கு ஊழியன்பால் உள்ள கடமை என்ன, மனிதனைத் துண்டாக்கி ஒரு பாதியை மட்டும் நியமிக்க ஒரு கமிட்டிக்கு என்ன அதிகாரம் என்று அறைக்குள் நடந்து நடந்து வாதாடினார். அவர் வாழ்நாளில் பேசியதிலேயே அதுதான் சிறந்தது என்பேன். மலர் போட்டவர்கள் கேட்டதில்லை. எனக்கு ஒரே ஒரு வாதம்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னேன்.

"நீங்கள் போகாவிட்டால், நான் சொன்ன பொய்க்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விடும்."

ஐந்தாவது தடவை சொன்னபோது அவர் உட்கார்ந்தார். நெற்றியைத் துடைத்தார். அந்த வழக்கில் அவர் தோற்றார்.

ஏற்றுக்கொள்வதாகப் பதிலை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எந்த ரயிலில் வருகிறார், எத்தனை பெட்டி புத்தகம், எல்லாம் சொன்னார். குமாஸ்தாவைப் பற்றிய நிபந்தனைக்குச் சம்மதம் என்ற வரியை மட்டும் சொல்ல மறுத்துவிட்டார். அதை நானே எழுதி, மை உலர்ந்ததும் கையெழுத்துக்கு நீட்டினேன்.